வேலையை விட்டு எம்.பி.ஏ. படிப்பதா, வேலையில் இருந்துகொண்டே படிப்பதா?

கேள்வி: திருப்பூர்ப் பின்னல்

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக (ஆர்டருக்கு விலை கணித்து, சரக்கு போய்ச் சேரும்வரை கவனிப்பவர்) வேலை பார்க்கிறேன். வயது 27. அரசுக் கல்லூரியில் பி.காம். முடித்தேன், 62 விழுக்காடு மதிப்பெண். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில்தான் படித்தேன். மேலாண்மையில் முதுகலைப் பட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால்தான் உங்களால் சரியான வழி சொல்ல முடியும்.

சென்ற ஆடி மாதம் 8,000 வட்டக்கழுத்து டி-சர்ட்டுகளுக்கு ஓர் ஆர்டர் வந்தது. காஸ்டிங் ஷீட்டை (செலவுக் கணக்குத் தாளை) நான்தான் போட்டேன். பையர் கொடுக்க முன்வந்த விலை நம் பணத்தில் பீஸுக்கு 240 ரூபாய். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல் கூலி, லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்து 215 ரூபாய் ஆயிற்று. கட்டட வாடகை, அலுவலகச் சம்பளம், இயந்திரக் கடனுக்கான வட்டி ஆகியவற்றின் பங்காக 32 ரூபாய் சேர்த்தபோது மொத்தம் 247 வந்தது. பீஸுக்கு 7 ரூபாய் நட்டம் என்று சிவப்பில் குறித்து முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "எடுத்துக்கலாம்மா, சரின்னு மெயில் போட்டுரு" என்றார். மூன்று மாதம் கழித்து ஏறக்குறைய அதே நட்டத்தில் இன்னோர் ஆர்டர் வந்தபோது வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அனுபவத்துல தானா வரும்" என்பதுதான் பதில். அவர் இரண்டு முறையும் சரியாகத்தான் முடிவெடுத்திருப்பார். ஆனால் எந்தக் கணக்கை வைத்து முடிவெடுத்தார் என்பது எனக்குப் புரியவில்லை. அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எனக்கு முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. வேலையை விட்டுவிட்டு டான்செட் (தமிழ்நாட்டின் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு) எழுதி, கோவையில் ஒரு கல்லூரியில் இரண்டு ஆண்டு முழுநேரமாகப் படிப்பது ஒன்று. வேலையில் இருந்துகொண்டே இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்வது மற்றொன்று. மாதச் சம்பளம் 26,000 ரூபாய். அப்பா பவர்டேபிள் டெய்லர் (மின் தையல் இயந்திரத்தில் தைப்பவர்). தம்பி இன்னும் பள்ளியில் படிக்கிறான். நான் விசாரித்த கல்லூரியில் கட்டணமும் விடுதியும் சேர்ந்து இரண்டு ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள்.

இவை போக இரண்டு அச்சங்களும் உண்டு. எனக்குக் கணக்குப்பதிவியல் நன்றாக வரும், ஆனால் புள்ளியியல் வராது. நிகழ்தகவு என்ற சொல்லைக் கேட்டாலே கை நடுங்கும். மேலும், ஆங்கிலத்தில் மெயில் எழுதுவேனே தவிர, வகுப்பில் எழுந்து நின்று வாதம் செய்ய என்னால் முடியுமா என்று தெரியவில்லை. இந்தப் படிப்பை முடித்தவர்களும் நடத்துகிறவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


மறுமொழி: கரும்பலகை

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். கோவையில் 22 ஆண்டுகளாக மேலாண்மைப் பாடம் நடத்தி வருகிறேன். எந்த வழியில் படிப்பது என்ற கேள்வியைப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு, உங்கள் காஸ்டிங் ஷீட்டை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் முதலாண்டுப் பாடத்தில் ஒரு பெரிய பகுதியை நீங்கள் அந்த ஒரு தாளிலேயே எழுதிவிட்டீர்கள்.

அந்தத் தாளில் இருப்பவை இரண்டு வகைச் செலவுகள். 215 ரூபாய் என்பது அந்த டி-சர்ட்டைத் தைத்தால் மட்டும் ஆகும் செலவு. 32 ரூபாய் என்பது தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஆகும் செலவு. ஆர்டரே இல்லை என்பதற்காகக் கட்டட உரிமையாளர் வாடகை கேட்காமல் இருக்க மாட்டார், வங்கியும் வட்டியைத் தள்ளுபடி செய்யாது. ஆகவே 240-இலிருந்து 215-ஐக் கழித்தால் பீஸுக்கு 25 ரூபாய் மிஞ்சுகிறது; 8,000 பீஸுக்கு இரண்டு லட்சம் ரூபாய். இதை நாங்கள் பங்களிப்பு என்று சொல்கிறோம். உங்கள் முறைப்படி அந்த ஆர்டர் தாங்க வேண்டிய நிலையான செலவு 2,56,000 ரூபாய். ஆர்டரை எடுத்தால் அதில் இரண்டு லட்சம் வந்துவிடுகிறது, 56,000 ரூபாய்தான் துண்டு விழுகிறது. எடுக்காமல் லைன் (தையல் இயந்திர வரிசை) சும்மா கிடந்தால் 2,56,000 ரூபாயும் கையை விட்டுப் போகிறது. ஆடியில் உங்கள் நிறுவனத்தில் லைன் காலியாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். மூன்று மாதம் கழித்து அதே விலையை அவர் மறுத்தாரென்றால், அப்போது லைன் நிறைந்திருக்க வேண்டும். அந்த ஆர்டரை ஏற்றால் இதைவிட அதிகப் பங்களிப்பு தரும் வேறோர் ஆர்டரைத் தள்ள வேண்டியிருந்திருக்கும். விலையும் நட்டமும் அதேதான், ஆனால் எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்பது மாறிவிட்டது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு, அதையும் பாடத்தில் நடத்துவோம். ஆண்டு முழுவதும் பங்களிப்பு வந்தால் போதும் என்று ஆர்டர் எடுத்துக்கொண்டே போனால் வாடகையும் வட்டியும் ஒருநாளும் முழுமையாக மீளாது. ஒருமுறை 240-க்குக் கொடுத்த பையர் அடுத்த பருவத்திலும் 240-தான் கேட்பார். கணக்கு எங்கே நிற்கிறது, வணிக உறவு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பதைத்தான் இந்தப் படிப்பில் பயிற்றுவிக்க முயல்கிறோம்.

இனிப் புள்ளியியல். நீங்கள் இதைக் கண்டு அஞ்சுவதாக எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் நிகழ்தகவை நீங்கள் மாதந்தோறும் நேரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் ஆய்வாளர் 8,000 பீஸையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர அளவு) அட்டவணையைப் பார்க்கிறார். வழக்கமான இரண்டாம் நிலை ஆய்வில், 3,201 முதல் 10,000 வரையுள்ள சரக்குக்கு 200 பீஸ் எடுக்க வேண்டும்; 2.5 என்ற அளவுகோலில் 10 பழுது வரை சரக்குத் தேறும், 11 ஆனால் தேறாது. இந்த 200, 10, 11 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? அவற்றின் பின்னால் இருப்பது நிகழ்தகவுக் கணக்கு. சரக்கில் உண்மையாகவே நூற்றுக்கு இரண்டரை பீஸ் பழுது இருந்தால், அது நூறு தடவையில் ஏறத்தாழ 99 தடவை தேறிவிடும். நூற்றுக்கு 8 பழுது இருந்தால் தேறுவது ஏழெட்டுத் தடவைதான். ஆனால் நூற்றுக்கு 5 பழுது இருக்கும்போது என்ன ஆகும் என்பதைத்தான் என் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். அப்படிப்பட்ட சரக்கு நூற்றில் 58 தடவை தேறிவிடும். அளவுகோலைப் போல இரண்டு மடங்கு பழுதுள்ள சரக்கு, பாதிக்கு மேற்பட்ட தடவை "பாஸ்" முத்திரையோடு கப்பல் ஏறுகிறது. இந்த ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். இத்தகைய வாய்ப்புகளைக் கணிக்க உதவும் ஈருறுப்புப் பரவலும் பாய்சான் பரவலும் அதன்பிறகு உங்களை அச்சுறுத்தா.

ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் தொலைபேசிக் கருவிகள் செய்தார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று 1924-இல் அங்கே தொடங்கிய சோதனைகள் 1932 வரை வெவ்வேறு வடிவில் நடந்தன. பின்னர் ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோவும் அதில் சேர்ந்தார். தொழிலாளியை ஒரு மனிதனாகப் பார்க்கச் சொல்லும் நிறுவன நடத்தைப் பாடம் அங்கிருந்துதான் பெரிதும் வளர்ந்தது. அதே 1924-இல், அதே நிறுவனத்தின் தரச் சோதனைப் பிரிவில் இருந்த வால்ட்டர் ஷூஹார்ட், உற்பத்தியில் வரும் ஏற்ற இறக்கம் இயல்பானதா இல்லையா என்று காட்டும் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை முதன்முதலாக வரைந்து காட்டினார். எளிது என்று மாணவர்கள் நினைக்கும் பாடமும் கடினம் என்று ஒதுங்கும் பாடமும் ஒரே நிறுவனத்தில், ஒரே கவலையிலிருந்து பிறந்தவை. பாடத்திட்டத்தில் இரண்டையும் தனித்தனித் தாள்களாகப் பிரித்து வைத்ததனால் இந்த உறவு மறைந்துபோயிற்று.

பி.காம். படித்திருப்பதால் கணக்கியலும் வணிகச் சட்டமும் உங்களுக்குச் சுமையாக இரா. அந்த நேரத்தைப் புள்ளியியலுக்கும் செயல்பாட்டு ஆய்வுக்கும் கொடுங்கள். நேரியல் திட்டமிடலை (இருக்கும் வளத்தை எப்படிப் பங்கிட்டால் அதிகப் பயன் என்று காணும் கணக்கு) படிக்கும்போது பாடப்புத்தகத்தில் வரும் மேசை நாற்காலிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் நிறுவனத்தில் நான்கு லைன்களுக்கு ஆர்டர்களை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள்.


மறுமொழி: ஈரோட்டுக்காரன்

வணக்கம் சகோதரி. நான் ஒரு நூற்பாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை செய்துகொண்டே இக்னோவில் எம்.பி.ஏ. முடித்தவன். ஆசிரியர் ஐயா பாடத்தின் உள்ளே இருப்பதைச் சொன்னார். அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

இக்னோவின் எம்.பி.ஏ. 116 கிரெடிட் கொண்டது. ஒரு கிரெடிட் என்பது 30 மணிநேரப் படிப்பு என்று அவர்களே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆக மொத்தம் 3,480 மணிநேரம். இதை இரண்டே ஆண்டில் முடிக்க வேண்டுமானால் வாரத்துக்கு 33 மணிநேரம் படிக்க வேண்டும். ஷிப்மென்ட் நேரத்தில் இரவு ஒன்பது மணிக்குக் கம்பெனியை விட்டு வெளியே வரும் ஒருவரால் அது நடக்காது. நான்கு ஆண்டு வரை கால அவகாசம் தருகிறார்கள். அப்படிப் பரப்பிக்கொண்டால் வாரத்துக்கு 17 மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். நான் காலை நாலரை முதல் ஆறரை வரை படித்தேன், ஞாயிறன்று மேலும் நான்கு மணிநேரம். இரண்டு ஆண்டில் முடித்துவிடலாம் என்று என்னோடு சேர்ந்த நண்பர்கள் இருவர், முதல் ஆண்டுத் தேர்வுகளிலேயே மனம் உடைந்து விட்டுவிட்டார்கள். அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். மணிக்கணக்கைத் தவறாகப் போட்டதுதான் அவர்கள் செய்த பிழை. நீங்கள் மூன்றரை ஆண்டு என்று தொடக்கத்திலேயே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை நடக்கிறது. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஒப்படைப்புகளுக்கு (வீட்டில் எழுதிக் கொடுக்கும் பயிற்சிகளுக்கு) 30 விழுக்காடு, எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடு. ஒப்படைப்புகளைக் கடைசி வாரத்தில் யாருடையதையாவது பார்த்து எழுதுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்கள் நிறுவனத்தையே எடுத்துக்காட்டாக வைத்து ஒவ்வொன்றையும் நீங்களே எழுதினால் தேர்வுக்கான தயாரிப்பில் பாதி அங்கேயே முடிந்துவிடும். சரக்கிருப்பு மேலாண்மைக்கான ஒப்படைப்பை நான் எங்கள் ஸ்டோர்ஸில் இருந்த ரிங் டிராவலர்களை (நூற்பு இயந்திரத்தின் சிறு உதிரிபாகம்) கொண்டு எழுதினேன். எத்தனை பெட்டி ஒரே தடவையில் வாங்கினால் வாங்கும் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து குறைவாக வரும் என்று கணக்குப் போட்டபோது, நாங்கள் தேவைக்கு மூன்று மடங்கு வாங்கி அடுக்கி வைத்திருந்தது தெரிந்தது. அந்தத் தாளை மேலாளரிடம் காட்டினேன். அன்று முதல் கொள்முதல் கூட்டத்துக்கு என்னையும் அழைக்கத் தொடங்கினார்கள். பட்டம் கைக்கு வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே அது நடந்தது.

பட்டத்தின் மதிப்பைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கும் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவிப்பே வெளியிட்டது. ஆனால் "அங்கீகாரம் பெற்ற" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. இக்னோவுக்கு வருவதற்கு முன் நான் ஒரு தனியார் படிப்பு மையத்தில் 18,000 ரூபாய் கட்டினேன். ஒரே ஆண்டில் எம்.பி.ஏ., வெளிமாநிலப் பல்கலைக்கழகச் சான்றிதழ், தேர்வு ஈரோட்டிலேயே நடக்கும் என்றார்கள். பணம் கட்டிய ஏழாம் மாதம் அந்த அறைக்கதவில் பூட்டுத் தொங்கியது. என் மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. மானியக் குழுவின் விதிகளின்படி தொலைநிலைக் கல்வியை இப்படி மையங்களுக்குக் குத்தகை போல விடுவதற்கே இடமில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எந்தப் பல்கலைக்கழகமானாலும், நீங்கள் சேரும் ஆண்டில், சேரும் பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் நீங்களே பாருங்கள். சென்ற ஆண்டு இருந்தது என்று யாராவது சொன்னால் அது போதாது. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் நேரடியாகச் செலுத்துங்கள். நடுவில் யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.


மறுமொழி: பீளமேடு

வணக்கம் தங்கை. நானும் உங்களைப் போலத் தமிழ்வழியில் படித்தவள்தான். பொள்ளாச்சிக்கு அருகே ஒரு கிராமம். இரண்டு ஆண்டு பார்த்த வேலையை விட்டுவிட்டு, டான்செட் எழுதி, கோவையில் முழுநேரமாகப் படித்தேன். அந்த முடிவுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனாலும் உங்களுக்கு அதையே சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்த பிறகுதான் எழுதுகிறேன்.

முதலில் பணம். நான்கு லட்சத்தை மட்டும் கணக்கில் வைக்காதீர்கள். இரண்டு ஆண்டு வராமல் போகும் சம்பளம் 6,24,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. கல்விக்கடன் வாங்கலாம்; வங்கிகளின் பொதுத் திட்டத்தில் நான்கு லட்சம் வரை நம் பங்காகப் பணம் போட வேண்டியதில்லை, ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டாமல் இருக்கலாம். ஆனால் வட்டி அந்தக் காலத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை வங்கியில் நாம் கேட்காமல் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. முடியுமானால் படிக்கும்போதே மாத வட்டியை மட்டுமாவது கட்டிவிட வேண்டும். என் அப்பா பால் பணத்திலிருந்து அதைக் கட்டினார்.

முழுநேரப் படிப்பு எனக்குக் கொடுத்தது வாதம் செய்யும் துணிவு. நீங்கள் அஞ்சுவது இதைத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வகுப்பில் ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலைப் பத்துப் பதினைந்து பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் அதைப் பற்றி அறுபது பேரும் பேச வேண்டும். முதல் ஐந்து வாரம் நான் வாயே திறக்கவில்லை. விடுதி அறைக்கு வந்து அழுதிருக்கிறேன். ஒரு பேராசிரியை என்னை அழைத்து, "முந்தின நாள் இரவே உன் முடிவைத் தமிழில் மூன்று வரி எழுதிக்கொள். அந்த மூன்று வரியை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லப் பழகு. விவாதத்தில் முதல் ஆளாகக் கை தூக்கு, முதலில் பேசுகிறவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை" என்றார். ஆறாம் வாரம் முதல்முறையாகக் கை தூக்கினேன். தவறான வினைச்சொல்லோடு பேசியது இன்றும் நினைவிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் நான் சொன்ன கருத்தை மறுக்க வேண்டும் என்பதில்தான் எல்லாரும் முனைந்திருந்தார்கள். தனியே உட்கார்ந்து படிப்பவருக்கு இந்த வாய்ப்பு எளிதில் கிடைக்காது. தொலைநிலையில் சேர்வதானால், உங்களைப் போலப் படிக்கும் நான்கைந்து பேரைத் தேடி, வாரம் ஒரு மாலை உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும்.

டான்செட் பெரிய தடை அன்று. இரண்டு மணிநேரத்தில் 100 வினாக்கள்; அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. கணிதத்தில் பெரும்பகுதி பள்ளிப் பாடத்தின் அளவில்தான் இருக்கும். ஆங்கிலப் பத்திகளைப் படித்து விடையளிக்கும் பகுதிக்குத்தான் தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பயிற்சி வேண்டும். ஆறு மாதம் நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தைப் படித்தாலே பெரிய மாற்றம் தெரியும். கலந்தாய்வைக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஒருங்கிணைக்கிறது. அகில இந்திய அளவில் கேட் தேர்வு எழுதி ஐ.ஐ.எம்.களுக்கு (இந்திய மேலாண்மைக் கழகங்களுக்கு) போகலாம், திருச்சியிலேயே 2011 முதல் ஓர் ஐ.ஐ.எம். இருக்கிறது, ஆனால் அதற்கான உழைப்பும் கட்டணமும் வேறு அளவு. பி.ஜி.டி.எம். என்ற பெயரில் தன்னாட்சி நிறுவனங்கள் தருவது பட்டயம், பட்டம் அன்று என்பதையும் சேரும் முன் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல நிறுவனங்களில் அதற்கு மதிப்பு உண்டு. இருந்தாலும் பிற்காலத்தில் ஆசிரியப் பணிக்கோ அரசுப் பணிக்கோ போக நினைப்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

கல்லூரிகள் வேலைவாய்ப்பைப் பற்றிப் பெரிய விழுக்காடுகளைப் போட்டு விளம்பரம் செய்வார்கள். விழுக்காட்டை விட்டுவிடுங்கள். சென்ற ஆண்டு முடித்தவர்களில் பத்துப் பேரிடம், என்ன வேலையில் சேர்ந்தீர்கள், ஓராண்டு கழித்தும் அதே வேலையில் இருக்கிறீர்களா என்று கேளுங்கள். என் வகுப்பில் பலர் காப்பீடும் கடனட்டையும் விற்கும் இலக்கு வேலைகளில் சேர்ந்து, எட்டு மாதத்தில் வெளியே வந்தார்கள். அந்த வேலைகளுக்கு இரண்டு ஆண்டுப் படிப்பே தேவையில்லை. உங்களுக்கோ ஐந்து ஆண்டு அனுபவமும், தெளிவான ஒரு கேள்வியும், உங்களை நம்பி காஸ்டிங்கை ஒப்படைக்கும் ஒரு முதலாளியும் இருக்கிறார்கள். தொழிலையே மாற்ற வேண்டும், வேறு ஊருக்குப் போக வேண்டும் என்றால் முழுநேரம் படியுங்கள். இதே தொழிலில் மேலே போவதுதான் நோக்கம் என்றால் அந்த இருக்கையை விட்டு எழுந்திருக்காதீர்கள் என்பது என் எண்ணம்.


மறுமொழி: திருப்பூர்ப் பின்னல்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வீட்டில் பேசிவிட்டேன். வரும் ஜூலைச் சேர்க்கையில் இக்னோவில் சேர்ந்து, மூன்றரை ஆண்டுத் திட்டத்தோடு, இறுதியில் செயல்பாட்டு மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம் என்றிருக்கிறேன். அக்கா சொன்னபடி, எங்கள் பகுதியில் படிக்கும் இருவரை இப்போதே தேடிப் பிடித்துவிட்டேன். அவர்களில் ஒருவர் சாயப்பட்டறையில் லேப் பொறுப்பாளர்.

கரும்பலகை ஐயாவிடம் ஒரு கேள்வி. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு, எங்கள் நிறுவனத்தில் கடைசியாக நடந்த 14 ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாமே 3,201-க்கும் 10,000-க்கும் இடைப்பட்ட ஆர்டர்கள், ஆகவே ஒவ்வொன்றிலும் 200 பீஸ் எடுத்திருக்கிறார்கள். 12 சரக்குகள் தேறின, இரண்டு தேறவில்லை. மொத்தப் பழுதைக் கூட்டினால் 112 வருகிறது. தேறாத அந்த இரண்டு தடவையும் செக்கிங் சூப்பர்வைசர் அக்காவை எல்லார் முன்னாலும் கடுமையாகத் திட்டினார்கள். அன்று அவர் கவனமாக இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. இந்த எண்களிலிருந்து அதைச் சொல்ல முடியுமா?


மறுமொழி: கரும்பலகை

நீங்கள் கேட்டிருப்பது நல்ல கேள்வி அம்மா. 14 சரக்குகளில் எடுத்த மாதிரி 2,800 பீஸ். அதில் 112 பழுது என்றால் சரியாக நூற்றுக்கு 4. இனி, எல்லா நாளும் உங்கள் லைனிலிருந்து ஒரே சீராக நூற்றுக்கு 4 பழுதோடுதான் சரக்கு வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 பீஸில் சராசரியாக 8 பழுது வரும். சில நாள் 5 வரும், சில நாள் 12 வரும். அது மாதிரி எடுப்பதில் இயல்பாக நேரும் ஏற்ற இறக்கம். அப்படிப்பட்ட சரக்கு தேறுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 82. பதினான்கு தடவையில் இரண்டு அல்லது மூன்று தேறாமல் போகும் என்பதுதான் நாம் எதிர்பார்க்க வேண்டியது. உங்களுக்குத் தேறாமல் போனவை இரண்டு.

ஆகவே அந்த அம்மையார் அந்த இரண்டு நாள் மட்டும் கவனம் தவறினார் என்று சொல்ல இந்த எண்களில் ஆதாரம் ஏதும் இல்லை. தேறிய பன்னிரண்டு நாள்களிலும் சரக்கு இதே நிலையில்தான் இருந்திருக்கலாம். செக்கிங் மேசையை விட்டுவிட்டு, அந்த 112 பழுதில் எத்தனை தையல் விட்டது, எத்தனை எண்ணெய்க் கறை, எத்தனை துணியிலேயே இருந்த ஓட்டை என்று வகை பிரித்து எண்ணுங்கள். அறிக்கையிலேயே அது பதிவாகியிருக்கும். எண்ணி முடித்ததும் இங்கே எழுதுங்கள். அடுத்து எந்த லைனில், எந்த மெஷினில் போய் நிற்க வேண்டும் என்று பார்க்கலாம்.